பேய்ப்பட அட்டையில் பேய் பெரிதா, பத்திரிகை பெரிதா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். கோவையில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் வருஷம் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக நாலு பேர் சேர்ந்து 'கவலைக்கிணறு' என்று ஒரு பேய்ப்பட ட்ரெய்லர் எடுத்தோம். மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில் தோட்டத்துக் கிணற்றில் செத்துப்போன ஒரு பெண்ணின் கதை. ட்ரெய்லரோடு ஒரு போஸ்டரும், இந்தப் படத்தைப் பற்றி எழுதும் சினிமா பத்திரிகையின் முகப்பு அட்டையும் கொடுக்க வேண்டும். அட்டை என் பொறுப்பு. பத்திரிகைக்கு 'வெண்திரை' என்று பெயர் வைத்து மேலே ஓரமாகப் போட்டேன். ட்ரெய்லரிலிருந்து கிணற்று ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, படத்தின் பெயரை ரத்தம் வடியும் எழுத்தில் பெரிதாக வைத்தேன். "இது இரண்டாவது போஸ்டர், அட்டை எங்கே?" என்று மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிரிண்டும் ஒரே கறுப்பாக வந்தது. எங்கே தப்பு செய்தேனுங்க?

பதில்: உங்கள் மேடம் சொன்னது சரிதானுங்க. ஆனால் மனசை விட வேண்டாம் அம்மிணி, இந்தத் தப்பைச் செய்யாமல் முதல் அட்டையைக் கொண்டுவந்த மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. படத்தின் பெயரும் நன்றாக இருக்கிறது. கவலை ஓட்டுவது என்றால் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது என்று நம் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது மனக்கவலையாகத்தான் கேட்கும். அந்த இரண்டு அர்த்தமும் அட்டையில் உங்களுக்கு உதவும், பிறகு சொல்கிறேன்.

முதலில் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பத்திரிகைக் கடை முன்னால் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். கிளிப் மாட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தொங்கும். பல இதழ்களுக்கு மேல்பகுதி மட்டும்தான் வெளியே தெரியும். வருகிறவர் தனக்குப் பழக்கமான பெயரைத் தேடுகிறார், அல்லது ஒரு முகம் அவரைப் பார்த்து நிறுத்துகிறது. இரண்டுமே மேல் மூன்றில் ஒரு பங்கில் நடந்து முடிந்துவிடும். போஸ்டரில் படத்தின் பெயர்தான் ராஜா. அட்டையில் பத்திரிகையின் பெயர். 'கவலைக்கிணறு' இந்த மாதம் வந்துபோகும் விருந்தாளி. 'வெண்திரை' போன மாதமும் வந்தது, அடுத்த மாதமும் வரும். அந்த நினைப்பு உங்கள் அட்டையில் இல்லை. அதனால்தான் அது போஸ்டராகத் தெரிந்திருக்கிறது.

இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அடுத்த மாத 'வெண்திரை' அட்டையையும் பென்சிலில் கிறுக்கிப் பாருங்கள். அதில் ஒரு கல்யாண வீட்டுக் காமெடிப் படம் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர் அதே இடத்தில், அதே எழுத்தில், அதே அளவில் உட்கார்ந்தால் சரி. கல்யாண வீட்டுக்கு ரத்தம் வடியும் பெயர் பொருந்தவில்லை என்றால், பேயைப் பத்திரிகையின் பெயர் மேலேயே ஏற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். நிறம் மட்டும் மாதா மாதம் மாறலாம்.

பெயரைத் தாளின் முழு அகலத்துக்கும் விரியுங்கள். வெளிநாட்டு இதழ்களில் நடிகரின் தலை பெயரைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்; உங்கள் மேடமும் அதை எதிர்பார்க்கலாம். ஆங்கில எழுத்தில் பாதி மறைந்தாலும் கண் அதை நிரப்பிக்கொள்ளும். தமிழில் அந்தத் தாராளம் கிடையாது. 'வெண்திரை'யில் ண் மேலிருக்கும் புள்ளி மறைந்தால் 'வெணதிரை'. கடைசி எழுத்தின் முன்னால் நிற்கும் கொம்பு மறைந்தால் 'வெண்திர'. ர-வின் கீழ்வால் மறைந்தால் அது வெறும் துணைக்கால் (ா) மாதிரி நிற்கும். உங்கள் பெயரில் தைரியமாக மறைக்கக்கூடிய இடம் ஒன்றுதான்: ண்-ணின் உடம்பில் கீழ்ப்பாதி. தலை உச்சியை அங்கே கொண்டுவந்து நிறுத்துங்கள், புள்ளி மட்டும் மேலே தெளிவாக இருக்கட்டும். தலைமுடி இரண்டு இழை 'தி' மேல் ஏறினால் இன்னும் நல்லது.

போட்டோஷாப்பில் தமிழ் அடிக்கும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் பயப்பட வேண்டாம். ப்ரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய், 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பது இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்பாக இருந்தால் அதே இடத்தில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்று இருக்கலாம். பிறகு புதிதாக ஃபைல் திறந்து அடியுங்கள். எழுத்துருவுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. கூகுள் ஃபான்ட்ஸில் கட்டமரான், முக்த மலர், அனெக் தமிழ், நோட்டோ சேன்ஸ் தமிழ் எல்லாம் யூனிகோடில் இலவசமாகவே கிடைக்கின்றன. பெயருக்குக் கட்டமரானின் தடித்த வடிவம் என்று ஆரம்பித்துப் பாருங்கள்.

ரத்தம் வடியும் எழுத்தை விட்டுவிடலாம். தமிழில் ண, ஞ, ஐ போன்றவற்றில் சின்னச் சின்ன சுழிகள் நிறைய. வடிகிற துளிகள் அவற்றை அடைத்து, படிக்கவே முடியாமல் செய்துவிடும். எனக்கு அந்த எழுத்தைப் பார்த்தால் பயம் வராது, திருவிழாக் கடை முகமூடிதான் ஞாபகம் வரும். 'கவலைக்கிணறு' என்ற பெயருக்கு உங்கள் போஸ்டரில் ஒரு எழுத்து வடிவம் இருக்குமல்லவா? அதைத் திருத்திவிட்டு, அதையே அட்டையிலும் சின்னதாக வையுங்கள். ட்ரெய்லர், போஸ்டர், அட்டை மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிவதற்கு அது ஒன்று போதும். அப்புறம் அதே உடை, அதே நிறம்.

இனி படம். ஸ்க்ரீன்ஷாட் வேண்டவே வேண்டாம். உங்கள் ட்ரெய்லர் ஃபுல் ஹெச்டி என்றால் ஒரு ஃப்ரேமின் உயரம் 1080 பிக்சல். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் அது ஒன்பது சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான் தாங்கும். ஏ4 தாளோ கிட்டத்தட்ட முப்பது சென்டிமீட்டர். இழுத்து நிரப்பினால் மாவு மாதிரிதான் வரும். 12 மெகாபிக்சல் செல்போன் கேமராவே உங்களுக்குப் போதும். செங்குத்தாகப் பிடித்தால் சுமார் 3000க்கு 4000 கிடைக்கும். ஓரம் வெட்டுவதற்கான 3 மி.மீ. சேர்த்து ஏ4 அட்டைக்கு வேண்டியது 2551க்கு 3579 தான். ஆனால் அந்தப் படத்தை வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பி வாங்காதீர்கள், பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

எதை எடுப்பது? கிணற்றை அல்ல. கிணறு போஸ்டருக்கு, தூரத்திலிருந்து பார்க்க, இடத்தைச் சொல்ல. அட்டைக்கு முகம் வேண்டும், அதுவும் வாங்குகிறவரை நேராகப் பார்க்கும் முகம். தோட்டத்துச் சாளை (தோட்டத்து வீடு) ஒன்று கிடைத்தால் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஐந்தரை வாக்கில் ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்து, மற்ற வெளிச்சத்தை ஜமுக்காளத்தால் அடைத்துவிடுங்கள். பெண்ணை ஜன்னலுக்குப் பக்கவாட்டில், சுவரிலிருந்து நாலடி தள்ளி உட்கார வையுங்கள். ஒரு கன்னம் வெளிச்சத்தில், மறு கன்னம் இருட்டில். இருட்டுப் பக்கத்தில் ஒரு வெள்ளை தெர்மோகோல் அட்டையை ஓரடி, இரண்டடி என்று நகர்த்திப் பாருங்கள். அந்தப் பக்கத்துக் கண்ணில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி விழும்வரை. கண்ணில் அந்தப் புள்ளி இல்லையென்றால் பிணம். இருந்தால் பிணம் உங்களைப் பார்க்கிறது. செல்போனில் வெளிச்சக் கன்னத்தைத் தொட்டுப் பிடித்து, சூரியன் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம், தலைமுடி ஓரத்தை அது கண்டபடி வெட்டும். தாடைக்குக் கீழே டார்ச் அடிப்பதும் வேண்டாம். அது ஹாஸ்டலில் ராத்திரி எல்லோரும் பண்ணும் விளையாட்டு.

பயத்துக்கு ஒரே ஒரு பொருள் போதும். உங்கள் கதையில் அது தயாராகவே இருக்கிறது: கவலையில் மாடு இழுக்கும் வடக்கயிறு. பழைய தடித்த கயிற்றை நன்றாக நனைத்து, தாவணி போல ஒரு தோளில் போடுங்கள். கயிறு தொட்ட இடத்தில் துணி நனைந்து கருத்திருக்க வேண்டும். முகத்தில் ரத்தம், கறுப்பு மை, வெள்ளைப் பவுடர் எதுவும் வேண்டாம். சாதாரணமாகத் தலைவாரிய ஒரு பெண், காய்ந்த முகம், தோளில் மட்டும் சொட்டச் சொட்டக் கயிறு. பார்க்கிறவர் ஒரு விநாடி கழித்துத்தான் யோசிப்பார்.

எடுக்கும்போதே தலைக்கு மேல் ஃப்ரேமில் கால் பங்கு காலியாக விடுங்கள், பெயருக்கு. ஒரு பக்கத் தோளுக்கு வெளியேயும் இடம் விடுங்கள், தலைப்புகளுக்கு. இதை மறந்துவிட்டு, பிறகு மூக்கின் மேல் எழுத்தை ஒட்டுகிறவர்கள்தான் அதிகம்.

கிணற்றடியில் வேறு ஏதாவது எடுப்பதாக இருந்தால் பகலிலேயே முடித்துவிடுங்கள். நம் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகள் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, ஆழமும் உங்களுக்குத் தெரியும். ராத்திரி வேண்டுமென்றால் கேமராவில் வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) குறைத்து, ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினுக்கு வைத்தால் பகலே நீலமாகி ராத்திரி மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, கிணற்றுமேட்டில் கன்னிமார் கல் இருந்தால் ஃப்ரேமில் சேர்க்காதீர்கள். அது சாமி, உங்கள் பேய்க்கு உறவு இல்லை. தோட்டக்காரரும் அடுத்த முறை உள்ளே விடமாட்டார்.

தலைப்புகளில்தான் பத்திரிகை பேச ஆரம்பிக்கும். முதல் தலைப்பு உங்கள் படத்துக்கு. "பயங்கரமான பேய்ப்படம்!" என்று எழுதினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 'இந்தக் கவலைக்கு ஆழம் எத்தனை அடி?' என்று கேட்டுப் பாருங்கள், பெயரின் இரண்டு அர்த்தமும் வேலை செய்யும். அதன் கீழே சின்னதாக, 'கோபி தோட்டத்தில் 12 ராத்திரி: இயக்குநர் பேட்டி' என்பதுபோல உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் ஒரு வரி. எத்தனை ராத்திரி எடுத்தீர்களோ அந்த எண்ணையே போடுங்கள்.

மற்ற இரண்டு மூன்று தலைப்புகள் பேய்க்குச் சம்பந்தமில்லாமல் இருக்க வேண்டும். எல்லா வரியும் பேயையே பேசினால் மறுபடியும் போஸ்டர்தான். விஷயத்துக்கு நம் ஊரில் பஞ்சமா? 1905ல் ஒரு புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டிய கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1914ல் இங்கே வெரைட்டி ஹால் கட்டினார். அந்தப் பெயரில் ரோடு இன்றும் இருக்கிறது. சேலத்தில் டி.ஆர்.சுந்தரம் 1935ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற ஸ்டூடியோ இருந்தது, கோவையில் பட்சிராஜா ஸ்டூடியோ இருந்தது. 'வெரைட்டி ஹால் ரோட்டில் ஒரு சாயங்கால நடை' என்று ஒரு வரி போட்டால், 'வெண்திரை' கொங்கு மண்ணில் அச்சாகும் பத்திரிகை என்று சொல்லாமலே தெரிந்துவிடும். இதழ் மாதம், விலை, மூலையில் ஒரு பார்கோடு ஆகியவற்றைப் பெரிதாக யோசிக்காமல் போட்டுவிடுங்கள். இதழ்களின் பார்கோடு 977 என்று தொடங்கும். வேறு பத்திரிகையின் பார்கோடை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள்.

கடைசியாகக் கறுப்பு. இதில் நானும் அடி வாங்கியவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பேய் ஸ்பெஷல் இதழுக்கு அட்டை செய்தேன். ராத்திரி, ரூம் லைட்டை அணைத்துவிட்டு, மானிட்டர் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்து வேலை. திரையில் கதவு, சேலை, கூந்தல் எல்லாம் தனித்தனியாக அற்புதமாகத் தெரிந்தன. அச்சாகி வந்தபோது தார் ஊற்றிய மாதிரி ஒரே பரப்பு. முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேய் எங்கப்பா?" என்றார். "அது கண்ணுக்குத் தெரியாதுங்களே" என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

திரை உள்ளிருந்து ஒளி விடுகிறது, தாள் விடாது. அதனால் திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, பகலில் உட்கார்ந்து வேலை செய்யுங்கள். நிழல் பகுதியை லெவல்ஸில் உங்களுக்குக் கொஞ்சம் அதிகம் என்று தோன்றுகிற அளவுக்கு வெளுக்க வையுங்கள். பிறகு தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்து, பத்தடி தள்ளிச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். கயிறும் இருட்டுப் பக்கத்துக் கண்ணும் அதில் தெரிந்தால் கலரிலும் தெரியும்.

சிஎம்ஒய்கேவுக்கு, அதாவது அச்சில் ஓடும் நான்கு மை நிறங்களுக்கு, மாற்றும்போது பின்னணியில் வெறும் கறுப்பு மையை 100 மட்டும் வைத்தால் சாம்பலாக வெளிறும். சயான் 40, மெஜந்தா 30, எல்லோ 30, பிளாக் 100 என்று கலந்தால் ஆழம் கிடைக்கும். நான்கையும் 100 வைக்காதீர்கள், மை காயாமல் அப்பும். அந்தக் கலவைக் கறுப்பின் மேல் சின்ன வெள்ளை எழுத்து வைத்தால் சுழிகள் அடைபடும், ஆகவே 11 பாயின்ட்டுக்குக் குறையாமல், கொஞ்சம் தடித்த எழுத்தாக இருக்கட்டும். கறுப்பின் மேல் சிவப்பு எழுத்து திரையில் மிரட்டும், தாளில் அமுங்கிவிடும். மஞ்சளுக்கு வாருங்கள், மெஜந்தா 20, எல்லோ 100. ஈரோட்டுப் பக்கத்து விரலி மஞ்சள் நிறம். கறுப்பில் பளிச்சென்று நிற்கும், வேறு யாரும் பேய்ப்படத்துக்கு அதை யோசித்திருக்கவும் மாட்டார்கள்.

டிஜிட்டல் பிரஸ்ஸில் 13க்கு 19 அங்குலத் தாள் ஓடும். அதில் உங்கள் அட்டை இரண்டு உட்காரும். இரண்டும் ஒரே படமாக வேண்டாம். இடப்பக்கம் உங்களுக்குப் பிடித்த இருட்டில் ஒன்று, வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் வெளுத்தது ஒன்று. 170 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஆர்ட் பேப்பரில் எடுத்து, கடைக்கு வெளியே வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, எதை மேடத்திடம் கொடுப்பது என்று அங்கேயே முடிவு செய்யுங்கள்.