ஊர் திரும்புகிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும்

தமிழ்நாட்டில் இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு இலங்கையில் மன்னார்ப் பக்கம் திரும்பி வந்தவன் நான். இப்போது வருகிறவர்களின் பத்திர வேலைகளுக்குக் கூடமாட நிற்கிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்திருக்கிறேன்.

மண்டபம் முகாமிலிருந்து ஒரு தாய்: பிள்ளைகள் இங்கதான் பிறந்தவை. இந்தியப் பிறப்புச் சான்றிதழ் இருக்கு. அது காணுமா அண்ணை?

காணாது தங்கச்சி. அதில் பிள்ளை பிறந்த இடம்தான் இருக்கும். பிள்ளை இலங்கைப் பிரஜை என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து குடியுரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். தாய் தகப்பனில் ஒருவர் இலங்கைப் பிரஜையாக இருந்தாலே போதும். பிறந்து ஒரு வருடம் தாண்டியிருந்தால் பிந்திய பதிவாகச் செய்வார்கள், பயப்பட வேண்டாம். உங்கள் இருவரின் இலங்கைப் பிறப்பு அத்தாட்சியும் திருமணப் பதிவும் கேட்பார்கள். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டவர்கள் முதலில் திருமணத்தைப் பதியுங்கள்.

பெயர்களையும் பாருங்கள். தகப்பன் பெயர் ஒரு கடதாசியில் சிவராசா, இன்னொன்றில் சிவராஜா, முகாம் அட்டையில் வெறும் 'சி.' என்று இருக்கும். அங்கே இருக்கும்போதே ஒன்றாக்குங்கள். இங்கே வந்து அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் திருத்தப் போனால் ஒவ்வொரு கந்தோராக (அலுவலகமாக) அலைய விடுவார்கள். பிறப்புப் பதிவுக்கு ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தார் பல காலமாக உதவி வருகிறார்கள். தரகருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

திருவண்ணாமலைப் பக்கம், பெயர் வேண்டாம் என்றவர்: 1990இல் தோணியில்தான் வந்தோம். இறங்கினவுடனே பிடிப்பார்களா?

கேட்க வேண்டிய கேள்விதான். அனுமதிக்கப்பட்ட துறைமுகம், விமான நிலையம் வழியாக அல்லாமல் நாட்டை விட்டுப் போவது இலங்கையின் குடிவரவு குடியகல்வுச் சட்டப்படி குற்றம். உயிர் தப்பப் போனவர் என்று அந்த வாசகம் பிரித்துப் பார்க்காது. 2025இல் முறைப்படி திரும்பி வந்த ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்தில் இந்தக் காரணத்தைச் சொல்லியே கைது செய்தார்கள், பிறகு பிணையில் விட்டார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில் வந்தவருக்கே அந்த நிலை. நாடாளுமன்றம் வரை பேச்சு எழுந்தது. ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன், இப்போது நடைமுறை என்ன என்று ஆணையத்தின் சென்னை அலுவலகத்தில் கேளுங்கள். போன வருடம் வந்த சொந்தக்காரர் சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

மற்றபடி, இந்தியப் பக்கம் வெளியேறும் அனுமதி எடுத்துத்தான் வர வேண்டும். திரும்பவும் தோணியில் வரலாம் என்ற யோசனையே வேண்டாம். கடற்படையிடம் அகப்பட்டால் கைதும் வழக்கும்தான் மிஞ்சும்.

பவானிசாகர்: எங்க தாத்தா தேயிலைத் தோட்டத்து ஆளு. கலவரத்துக்குப் பிறகு வவுனியா போய், அங்கிருந்து இங்க வந்தோம். எங்ககிட்ட எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்ல. நாங்க இலங்கைக்கு வர முடியுமா?

முடியும். தோட்டத் தமிழர்களில் யாருக்கு இந்தியா, யாருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று இரு நாடும் பேசி முடித்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30. அந்த நாளிலிருந்து இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழி வந்தவர்களுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை கொடுத்தது. ஆனால் இலங்கையில் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும் என்று அதில் இருந்ததால் முகாம்காரர் வெளியே நின்றார்கள். 2009இல் திருத்தி, இந்தியாவுக்குத் தப்பிப் போனவர்களையும் சேர்த்தார்கள். தாத்தாவின் தோட்டத்துப் பதிவு, பழைய பள்ளிக்கூடச் சான்று, ரேஷன் புத்தகம் எதுவானாலும் தேடி எடுத்து வையுங்கள் தம்பி. முகாம்களில் உங்களைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருந்தும் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்குக் கோபம்.

திருச்சி, கொட்டப்பட்டு: எங்கட காணியில வேற ஆக்கள் இருக்கினம். வந்து எழுப்பலாமா?

முதலில் அது எந்தக் காணி? உறுதிக் காணியா (சொந்தப் பத்திரம் உள்ள நிலம்), அரசாங்கம் அனுமதிப்பத்திரம் கொடுத்த காணியா? இரண்டுக்கும் போகும் கந்தோர் வேறு.

உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். உறுதி தொலைந்தாலும் அதை எழுதிய நொத்தாரிசின் (பத்திரம் எழுதிப் பதியும் சட்டத்தரணி) பெயர், இலக்கம், காணியின் பெயர், இவற்றில் ஒன்றிரண்டு தெரிந்தால் தேடலாம். வயது போனவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். நான்கு எல்லையிலும் யார் காணி என்பது அவர்களுக்குத்தான் மனப்பாடம்.

பிரச்சினை பத்து வருடக் கணக்கில்தான் வரும். உரிமையாளருக்கு எதிராக ஒருவர் தடையில்லாமல் பத்து வருடம் ஆண்டுவிட்டால், ஆட்சியுரிமை கேட்டு வழக்காட இலங்கைச் சட்டம் இடம் கொடுக்கிறது. போரால் திரும்ப முடியாதவர்களுக்காக 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது. ஆனால் அதன்படி வழக்குப் போடக் கொடுத்த அவகாசம் இரண்டு வருடம்தான். முகாமில் இருந்த எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

இருப்பது உங்கள் உறவினர் என்றால் கதை வேறு. உங்கள் சம்மதத்தோடு இருப்பவருக்கு அந்தப் பத்து வருடம் ஓடாது. 'காணியைப் பார்த்துக்கொள்' என்று நீங்கள் எழுதிய பழைய கடிதம்கூட உதவும். இல்லாவிட்டால் இப்போதாவது அவரிடம் ஒரு கையெழுத்து வாங்குங்கள். வேலி பிடுங்கப் போகாதீர்கள். முதலில் பேசித் தீர்த்து வைக்கும் மத்தியஸ்த சபை, சரிவராவிட்டால் சட்டத்தரணி.

அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்திருந்தால் எழுத்தில் முறையிட்டு, கொடுத்த நாளைக் குறித்து வையுங்கள்.

மன்னார்க்காரி: வந்தால் வீட்டுத்திட்டம் கிடைக்குமா அண்ணா?

அதை நம்பி வராதீர்கள். இந்திய வீட்டுத்திட்டம் வடக்கு கிழக்கில் பெருமளவு முடிந்துவிட்டது. வந்ததும் விதானையாரிடம் (கிராம அலுவலர்) குடும்பத்தைப் பதியுங்கள். எந்த உதவி வந்தாலும் அந்தப் பதிவைப் பார்த்துத்தான்.

ரொறொன்ரோ: நான் கனடா பிரஜை. அம்மாவின் வளவு எனக்கு வருமா?

வரும். வெளிநாட்டவருக்குக் காணி விற்பதை 2014ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தாலும் நெருங்கிய உறவிடமிருந்து வாரிசாக வருவதைத் தடுக்கவில்லை. புதிதாக வாங்குவதென்றால் இரட்டைக் குடியுரிமை எடுங்கள்.

கும்மிடிப்பூண்டி: எல்லோரும் ஒன்றாக வருவதா, ஒருவர் முதலில் வருவதா?

இதற்கு மட்டும் என் சொந்த அபிப்பிராயம். முகாம் பதிவை வெட்டிவிட்டு வந்தால், பிடிக்கவில்லை என்று அதே முகாமுக்குத் திரும்ப முடியாது. ஆகவே பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் பரீட்சையை முடித்துவிட்டு வாருங்கள். இங்கே பாடத்திட்டம் வேறு, சிங்களமும் ஒரு பாடம். குடும்பத்தில் ஒருவர் முதலில் வந்து காணியையும் கிணற்றையும் பார்த்து, கூரைக்கு ஒரு வழி செய்யட்டும். முகமாலைப் பக்கத்தார் மிதிவெடி அகற்றிய பகுதிதானா என்று கேட்காமல் பற்றைக்குள் இறங்க வேண்டாம். வயதான அம்மா அப்பாவை மட்டும் முதலில் அனுப்பும் வழக்கம் எனக்குச் சம்மதமில்லை. அவர்கள் ஆசைப்படுவார்கள், ஆனால் கந்தோர் கந்தோராக ஏறி இறங்க அவர்களால் முடியாது.