இருக்கிற நாளை என்ன செய்யறது? - வாசகர் கேள்விகள்

கேள்வி: பாஸ்டர், ஸ்தோத்திரம். வயசு 44, பேங்க்ல வேலை. போன மாசம் எங்க பிராஞ்ச்ல பக்கத்து சீட்ல இருந்தவர், என்னைவிட சின்னவர், ஹார்ட் அட்டாக்ல போயிட்டார். அதுல இருந்து தூக்கமே சரியில்ல. வீட்டு லோன், பிள்ளைங்க படிப்பு, ஞாயித்துக்கிழமை சர்ச்சுன்னே காலம் போயிடுச்சு, கர்த்தருக்குன்னு ஒண்ணும் செய்யலையேன்னு இருக்கு. வேலையை விட்டுட்டு முழுநேர ஊழியத்துக்கு போயிடலாமா? மனைவி பயப்படுறாங்க.
- வாசகர், திருநெல்வேலி

பதில்: தம்பி, முதல்ல ஒண்ணு கேக்கறேன், அடக்கத்துக்கு அப்புறம் அவர் வீட்டுக்கு போனீங்களா? பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் கிளெய்ம், இதுக்கெல்லாம் எந்த ஃபார்மை எங்க குடுக்கணும்னு தெரியாம அந்த அம்மா நிப்பாங்க, உங்களுக்கு அது அத்துப்படி. திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிக்கறதுதான் மாசில்லாத பக்தின்னு யாக்கோபு முதல் அதிகாரத்துலயே எழுதிட்டார். இந்த சனிக்கிழமையே போங்க, மனைவியையும் கூட்டிட்டு போங்க.

வேலையை விடறது பத்தி, ஒரு சாவைப் பார்த்த பயத்துல முடிவெடுக்காதீங்க. அழைப்பு இருந்தா அது பயம் தணிஞ்ச பிறகும் நிக்கும், வீட்டம்மாவும் நீங்களும் சேர்ந்து ஜெபிக்க டைம் குடுக்கும். பவுல் கொரிந்துல கூடாரம் செஞ்சுகிட்டேதான் பிரசங்கம் பண்ணார், அதனால அவர் அரைநேர ஊழியக்காரர்னு யாரும் சொல்லல. 90ஆம் சங்கீதத்துல மோசே நம்ம ஆயுசு எழுபது, பெலன் இருந்தா எண்பதுன்னு சொல்லிட்டு, எங்க நாட்களை எண்ணும் அறிவைத் தாங்கன்னு கேக்கறார். அங்க அவர் கேக்கறது ஞான இருதயம், பெரிய சாதனை லிஸ்ட் இல்ல.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவை நினைச்சுப் பாருங்க, 1706ல தரங்கம்பாடில வந்து இறங்கினவர், உடம்பு எப்பவுமே சுகமில்ல, அந்த ஊரை அப்போ வெச்சிருந்த டேனிஷ்காரங்களோட கமாண்டரே அவரைப் பிடிச்சு மாசக்கணக்குல சிறையில போட்டார், அதுக்கு நடுவுல தமிழ் கத்துகிட்டு புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715ல முழுசா அச்சுல கொண்டுவந்துட்டார். 1719ல போயிட்டார், 36 வயசுதான், உங்களைவிட எட்டு வயசு கம்மி. பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத் புஸ்தகத்தோட நின்னுபோச்சு! பின்னால வந்த மிஷனரி சூல்ட்சே மீதியை முடிச்சு 1728ல அச்சு நிறைவாச்சு. எனக்கு அந்த பாதில நின்ன ரூத் ரொம்ப பிடிக்கும் தம்பி, ஏன்னா முடிக்கணும்ங்கற பாரத்தை கர்த்தர் ஒருத்தர் தலையில மட்டும் வைக்கலைன்னு அதுல தெரியுது. நீங்களும் எல்லாத்தையும் முடிச்சாகணும்னு இல்ல, இன்னைக்கு உங்க டேபிளுக்கு பென்ஷன் வாங்க வர்ற வயசானவரை சீறாம உக்கார வெச்சு பேசறதும் கர்த்தருக்கு செய்யறதுதான்.

ஒரு டாக்டரையும் பார்த்துடுங்க, தூக்கமில்லாம இருக்கறதை ஜெபத்தால மட்டும் சமாளிக்கணும்னு வேதத்துல எங்கயும் இல்ல.

கேள்வி: 71 வயசு, முட்டி வலி. பெண்கள் ஐக்கிய சங்கத்தோட வீடு சந்திக்கப் போக முடியல. இனி நான் இருந்து என்ன பிரயோஜனம்?
- வாசகி, நாசரேத்

பதில்: அம்மா, உங்க ஜில்லா பக்கம் டோனாவூர்ல பிள்ளைங்களை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931ல கீழ விழுந்தாங்க, அப்போ வயசு 63. அதுக்கப்புறம் 1951ல இறக்கற வரைக்கும் பெரும்பாலும் அவங்க ரூமை விட்டு வெளிய வரல, வலியோட படுத்துகிட்டே புஸ்தகமும் கடுதாசியுமா எழுதினாங்க, பிள்ளைங்க அந்த ரூமுக்கே தேடிப் போனாங்க. முதிர்வயதிலும் கனி தருவாங்கன்னு 92ஆம் சங்கீதம் சொல்றது உங்களைத்தாம்மா. உங்க சங்கத்துல படுக்கையில இருக்கறவங்க போன் நம்பரை செக்ரட்டரிகிட்ட வாங்கிக்கோங்க, தினம் ஒருத்தர்கிட்ட பேசி ஜெபம் பண்ணுங்க. உபதேசம் எதுவும் வேண்டாம், அவங்க பேசறதை கேட்டாலே போதும், அதுக்குத்தான் நிறைய வீட்டுல ஆளே இல்ல.