இரண்டு முறை ரத்து செய்த சந்திப்பு

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 36. கணக்குப் பிரிவில் வேலை. கணவர், 9 வயதில் ஒரு மகள். குறை என்று சொல்ல என் வாழ்க்கையில் ஒன்றுமில்லை. அதனாலேயே இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

5 மாதமாக விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் தூக்கமில்லை. அலுவலகத்தில் ஒரு தவறும் செய்வதில்லை. சொல்லப்போனால் முன்பைவிட அதிகமாகவே வேலை பார்க்கிறேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் இறங்கி உள்ளே போகத் தோன்றாது. 20 நிமிடம், சில நாள் அதற்கும் மேல் அப்படியே உட்கார்ந்திருப்பேன். தோழிகள் கூப்பிட்டால் எடுப்பதில்லை. காலையில் எழுந்திருக்காமலே போனால் நிம்மதி என்றுகூட நினைப்பு வரும், அதெல்லாம் அசதியில் தோன்றுவதுதான். போன வாரம் பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருந்த மகள் நடுவில் நிறுத்தி, "அம்மா, நீ கேக்குற மாதிரி நடிக்கிறியா?" என்றாள்.

ஓர் உளவியலாளரிடம் இரண்டு முறை நேரம் வாங்கி, இரண்டு முறையும் ரத்து செய்துவிட்டேன். முதல் தடவை, அந்த வாரம் நன்றாகத் தூங்கினேன். சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். அடுத்த தடவை, போய் உட்கார்ந்து என்ன சொல்வது என்றே தெரியவில்லை. பெரிய இழப்பு எதுவும் நேரவில்லையே! "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர், மனசைத் திடமா வெச்சுக்கோ" என்கிறாள் அக்கா. இன்னும் எவ்வளவு மோசமானால் போக வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. எழாமலே போனால் நிம்மதி என்று எழுதிவிட்டு, அந்த மூச்சிலேயே அசதி என்று மூடிவிட்டீர்கள். எவ்வளவு மோசமானால் போக வேண்டும் என்ற கேள்விக்கு அந்த வரியே பதில். இந்த வாரமே போங்கள். அந்த நினைப்பு 'எப்படி' என்ற யோசனையாக மாறினாலோ, அடக்க முடியாமல் வந்தாலோ அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அப்போதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். கணவருக்கு இது தெரியுமா? கடிதத்தில் அவர் ஒரே ஒரு சொல்லோடு நின்றுவிட்டார். இன்றிரவு அவரிடம் சொல்லுங்கள். அவரிடம் முடியாதென்றால் அக்காவிடம்.

அந்த வரி இல்லாவிட்டாலும் போகத்தான் சொல்லியிருப்பேன். மனம் சோர்ந்தோ எதிலும் நாட்டமில்லாமலோ ஏறக்குறைய தினமும் 2 வாரம் நீடித்து, கூடவே தூக்கம், பசி, கவனம் போன்றவையும் குலைந்தால், மனச்சோர்வு நோயா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். உங்களுக்கு 5 மாதம். விடியுமுன் விழித்து மறுபடி தூக்கம் பிடிக்காததும் அதில் அடிக்கடி காணும் அறிகுறிதான். இன்ன நோய் என்று கடிதத்தை வைத்து நான் சொல்லக் கூடாது. நேரில் பார்ப்பவர் சொல்லட்டும்.

அக்கா சொல்வதில் அன்பு இருக்கிறது, கணக்குத்தான் இடிக்கிறது. அடுத்தவருக்குக் கடன் அதிகம் என்பதால் உங்கள் கடன் தீர்ந்துவிடுமா? பெரிய காரணம் எதுவும் இல்லாமலும் மனச்சோர்வு வரும்.

வேலையில் தவறில்லை என்பதை நலத்துக்குச் சான்றாக வைக்கிறீர்கள். எனக்கு அது வேறு மாதிரி படுகிறது. இருக்கிற தெம்பையெல்லாம் அலுவலகத்தில் செலவழித்துவிட்டு, வாசலுக்கு வரும்போது கையில் எதுவும் மிச்சமில்லை. தோழிகள் போனார்கள், இப்போது மகளின் கதை போகிறது. உங்களைப் போன்ற பொறுப்பானவர்களுக்கு வேலை கடைசியில்தான் குலையும். அது குலையட்டும் என்று காத்திருந்து வருபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அந்த நல்ல வாரத்தைப் பற்றி: இது ஏறி இறங்கித்தான் போகும். நல்ல வாரத்தில் தேவையில்லை என்று தோன்றும், கெட்ட வாரத்தில் எழுந்து போகத் தெம்பிருக்காது. ஆகவே நேரம் குறித்த நாள் நல்ல நாளாக அமைந்தாலும் போங்கள். அன்றைக்குத்தான் தெளிவாகப் பேச வரும்.

என்ன சொல்வது என்ற கவலை வேண்டாம். முதல் சந்திப்பில் பெரும்பாலும் அவர்தான் கேட்பார். பலர் 9 கேள்விகள் உள்ள ஒரு படிவத்தைக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னும் ஆழமாக விசாரிப்பார்கள். ஒன்பதாவது கேள்வி, நீங்கள் மூடி மறைத்த அதே நினைப்பைப் பற்றியது. அங்கே மட்டும் அசதி என்று எழுதிவிடாதீர்கள். நீங்கள் பேசுவது அந்த அறையைத் தாண்டாது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைமைகள்தான் விதிவிலக்கு. அவை எவை என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளலாம்.

கூடவே ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, வைட்டமின் பி12 பற்றாக்குறை எல்லாம் இதே அசதியைக் கொண்டுவரும். மருந்து வேண்டுமா என்பதை முடிவு செய்பவர் மனநல மருத்துவர். தேவைப்பட்டால் உளவியலாளரே அவரிடம் அனுப்புவார். 3, 4 சந்திப்புகளுக்குப் பிறகும் உளவியலாளரோடு ஒட்டவில்லை என்றால் வேறொருவரிடம் மாறிக்கொள்ளுங்கள். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாம் முறை நேரம் வாங்கியதும் கணவரையும் கூட வரச் சொல்லுங்கள். இருவர் கிளம்பிவிட்டால் ரத்து செய்வது அவ்வளவு சுலபமில்லை. எனக்கு எழுதிய கடிதத்தையும் எடுத்துப் போங்கள். பேச வராவிட்டால் நீட்டிவிடலாம்.

மகளின் கேள்விக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. "ஆமாடா, சில நேரம் அம்மா மனசு இங்க இருக்கிறதில்ல. உன்னால இல்ல. அதைச் சரிபண்ண ஒருத்தரைப் பார்க்கப் போறேன்" என்று சொல்லுங்கள். 9 வயதுக்கு அது புரியும்.