வாசகர் கேள்வி – பதில்: டெயின்ட்ரீ மழைக்காட்டில் ஒரு நடை

கேள்வி: ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள டெயின்ட்ரீ மழைக்காட்டுக்கு வரும் ஜூலை மாதம் குடும்பத்துடன் செல்லவிருக்கிறோம். அங்கே பலகைப் பாதைகள் சீராக அமைக்கப்பட்டிருக்கின்றன என்கிறார்கள். அப்படியிருக்க, பணம் கொடுத்து வழிகாட்டியுடன் நடப்பது அவசியமா?

பதில்: வழியைக் காட்டுவதற்கு அங்கே ஆள் தேவையில்லை, காட்டைக் காட்டுவதற்குத்தான் தேவை. மார்ஜா போன்ற பலகைப் பாதைகளில், மழைக்காட்டில் தொடங்கி அலையாத்திக் காடு வரை யாரும் தவறாமல் நடந்துவிடலாம். ஆனால், மழைக்காட்டு உயிரினங்களில் பெரும்பாலானவை மறைந்து வாழ்பவை. பாய்ட் காட்டு ஓணான் நம் கண்மட்டத்திலேயே அடிமரத்தைப் பற்றிக்கொண்டு அசையாமல் இருக்கும். நாம் நெருங்கினால், நமக்கும் தனக்கும் நடுவில் மரம் இருக்கும்படி மெல்லச் சுற்றி மறுபுறம் போய்விடும். பழகிய கண் இல்லாதவர் அதைக் கடந்து போனதே தெரியாமல் போய்விடுவார்.

பாதையோரத்தில் பெரிய விதைகள் குவியலாகக் கிடந்தால், அது கசோவரிப் பறவையின் எச்சம். ஆள் உயரத்துக்கு வளரும் இந்தப் பறக்காத பறவை பழங்களை முழுதாக விழுங்கி, விதைகளை வெகுதூரம் கொண்டுபோய் விதைக்கிறது. டெயின்ட்ரீ பகுதிக்கே உரிய ரைபரோசா என்னும் மரத்தின் விதைகளை ஆய்வாளர்கள் முளைக்கவைத்துப் பார்த்தபோது, பறவையின் வயிற்றுக்குள் போகாதவற்றில் 100-க்கு 4 மட்டுமே முளைத்தன. போய் வந்தவற்றில் 92 முளைத்தன. கசோவரியை நேரில் காணாமல் திரும்ப நேர்ந்தாலும், அந்த எச்சக் குவியலின் அருகே வழிகாட்டி நின்று விளக்கும் சில நிமிடங்களே கொடுத்த பணத்துக்கு ஈடு என்பது என் கருத்து.

கிழக்குக் குகு யலாஞ்சி மக்களே இந்தக் காட்டின் தொன்மையான உரிமையாளர்கள். 2021 செப்டம்பரில் டெயின்ட்ரீ தேசியப் பூங்கா முறைப்படி அவர்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. மாஸ்மன் பள்ளத்தாக்கில் அவர்களே அழைத்துச் செல்லும் நடைகள் உண்டு. புகையூட்டி வரவேற்றபின், எந்தக் காய் உணவு, எந்த இலை மருந்து என்று தம் முன்னோர் வழிவந்த அறிவைப் பகிர்கிறார்கள். வாய்ப்பிருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: குழந்தைகளும் வருகிறார்கள். ஆபத்து ஏதும் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் நாம் ஒழுங்காக நடந்துகொண்டால் எல்லாமே தவிர்க்கக்கூடியவை. முதலில் சொல்ல வேண்டியது ஜிம்பி ஜிம்பி என்னும் செடியைப் பற்றி. நம் ஊர்க் காஞ்சொறியைப் போலத் தொட்டால் சுணைக்கும் செடிதான் என்றாலும், இதன் கடுமை வேறு. இதய வடிவ இலை முழுவதும் கண்ணாடித்தூள் போன்ற சிலிக்கா முட்கள் இருக்கின்றன. அவை தோலுக்குள் நஞ்சைச் செலுத்தி அங்கேயே தங்கிவிடுவதால், வலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட விட்டுவிட்டு வருகிறது. மரம் விழுந்து வெயில் படும் திறப்புகளிலும் பாதையோரங்களிலுமே இது மிகுதியாக முளைப்பதால், பாதையை விட்டு விலகக் கூடாது, எந்த இலையையும் தொடக் கூடாது என்று குழந்தைகளிடம் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். காட்டுப் பிரம்பின் கொக்கி முள் சட்டையில் மாட்டினால், இழுக்காமல் ஓரடி பின்வாங்கி எடுத்துவிடுவது நல்லது.

கசோவரி எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள். அதன் உள்விரல் நகம் குத்துவாள் போன்றது. அதைப் பார்த்தபடியே, பையை முன்னால் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். ஆண் பறவைதான் அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கிறது. குஞ்சுகளுடன் வரும் தந்தைக்குக் கூடுதல் இடம் கொடுங்கள். உணவு கொடுப்பதை மட்டும் எக்காரணத்தாலும் செய்யாதீர்கள். மனிதரிடம் உணவை எதிர்பார்க்கப் பழகிய பறவை சாலையோரத்துக்கு வந்து வண்டியில் அடிபடுகிறது. ஆற்றங்கரையிலும் கழிமுகத்திலும் உவர்நீர் முதலைகள் இருப்பதால் நீர்விளிம்பை நெருங்கவே வேண்டாம்.

கேள்வி: பகல் நடை, இரவு நடை இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: குழந்தைகளுடன் என்றால் அதிகாலை. கசோவரியும், அரைக்கிலோ எடையே உள்ள கஸ்தூரி எலிக் கங்காருவும் பகலில் நடமாடுபவை. இரவு நடையில் மரப்பட்டையோடு ஒன்றிப்போன இலைவால் பல்லியையும், அதிர்ஷ்டம் இருந்தால் மரக் கங்காருவையும் காணலாம். இரவைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வேண்டுகோள்: எல்லோரும் விளக்கை அணைத்துச் சிறிது நேரம் பேசாமல் நிற்க வழிகாட்டியிடம் அனுமதி கேளுங்கள். கண் இருளுக்குப் பழகியபின், மக்கிய மரத்துண்டுகளில் ஒளிரும் பூஞ்சைகள் சில வேளை பச்சையாகத் தெரியத் தொடங்கும்.