முடி கொட்டுறதுக்கு மாத்திரை எடுக்கலாம்னு இருக்கேன், டாக்டர்கிட்ட என்னெல்லாம் பேசணும்?

தம்பி, 26 வயசுலயே ஏறுநெத்தி ஆயிட்டு இருக்கு, டாக்டர்கிட்ட அந்தரங்க விஷயமெல்லாம் வாய்விட்டுக் கேக்கக் கூச்சமா இருக்கு, பேசாம மெடிக்கல்லயே வாங்கிப் போட்டுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேணாங்க. நான் அதத்தான் செஞ்சேன், அதனாலதான் உக்காந்து எழுதறேன்.

எனக்கு சேலம், சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைல வேலை. 29 வயசுல முன்னாடி ரெண்டு பக்கமும் ஏறி உச்சந்தலையும் தெரிய ஆரம்பிச்சிருச்சு. வீட்ல எல்லாரும் போர் தண்ணி உப்பு, அதான் கொட்டுதுன்னாங்க, அம்மா கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாங்க. ஆனா ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துலயே பொறந்து ஊத்துத் தண்ணில குளிச்சு வளர்ந்த எங்க மாமாவுக்கும் முப்பத்தஞ்சுக்குள்ள சொட்டை விழுந்திருச்சு, அப்பாவுக்கும் அப்படித்தான். இது வம்சத்துல வர்றது, டிஹெச்டின்னு ஒரு ஹார்மோன் முடி வேரைச் சிறுசாக்கிட்டே வருது.

ஃப்ரெண்டு சொன்னான்னு, அந்த ஹார்மோனைக் கொறைக்கற ஃபினாஸ்டரைடு மாத்திரை 5 எம்ஜி வாங்கினேன். அது வயசானவங்களுக்கு ப்ராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்குக் கொடுக்கற அளவு, அமெரிக்காவுல 1992ல அதுக்குத்தான் அனுமதி வந்துச்சு, முடிக்குன்னு 1 எம்ஜி வந்தது 1997ல. விலை கம்மியா ஆகுதுன்னு ராத்திரி சமையல்கட்டுத் திண்டுல சில்வர் தட்டக் கவுத்துப் போட்டு பிளேடால நாலா வெட்டுவேன், ஒரு நாளும் சமமா வராது, ஒண்ணு பெருசா இருக்கும், ஒண்ணு தூளாப் போயிரும். அந்த வெள்ளைத் தூளை காலைல என் வீட்டுக்காரிதான் கைல துணி வெச்சுத் தொடப்பா.

மூணாவது மாசம் தாம்பத்திய ஆசையே கொறைஞ்சு போச்சு. யார்கிட்டயும் சொல்லல. அஸ்தம்பட்டி பக்கம் ஒரு தோல் டாக்டர்கிட்ட டோக்கன் போட்டு உள்ள போனா அடுத்த ஆளும் அதே ரூம்ல நிக்கறாரு, நர்ஸ் பொண்ணு பக்கத்துலயே இருக்கு. முடி கொட்டுதுன்னு மட்டும் சொன்னேன். வேற மாத்திரை ஏதாச்சும் எடுக்கறீங்களான்னு கேட்டதுக்கு இல்லன்னுட்டேன். லென்ஸ் வெச்சுப் பாத்துட்டு எழுதிக் கொடுத்த சீட்டுல அதே மருந்து பேரு. கதவு வரைக்கும் போனவன் கால் நகரல, திரும்பி வந்து டாக்டர் ஒரு நிமிஷம் தனியா பேசணும்னேன். எல்லாரையும் வெளிய அனுப்பினாரு. சொல்லிட்டேன்.

அவர் திட்டல. கொழந்தைக்குப் பாக்கறீங்களான்னுதான் மொதல்ல கேட்டாரு. ஆமான்னதும் தூள் விஷயத்த ரெண்டு தடவ கேட்டாரு. முழு மாத்திரை மேல கோட்டிங் இருக்கு, தொட்டா ஒண்ணும் இல்லயாம், ஒடைஞ்சதையும் தூளையும் மாசமா இருக்கற பொம்பளைங்க தொடவே கூடாது, வயித்துல ஆண் கொழந்தை இருந்தா அதோட உறுப்பு வளர்ச்சியப் பாதிக்கும்னாரு. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல. அந்த வாரமே டெஸ்ட் எடுத்தோம், அவ மாசமா இல்லன்னு தெரிஞ்ச பிறகுதான் மூச்சு வந்துச்சு.

அந்த மாத்திரையால ஆசை கொறையறது நூத்துல ரெண்டு பேருக்குக் கிட்ட வரும், நிறுத்தினா பெரும்பாலும் சரியாயிரும், சிலர் நிறுத்தின பிறகும் இருக்குன்னு சொல்றாங்கன்னு மறைக்காம சொன்னாரு. மனசு சோர்வா இருக்கான்னும் கேட்டாரு, அதுவும் வரலாமாம். எனக்கு அத நிறுத்திட்டு தலைல தடவற மினாக்ஸிடில் 5 சதவீதம் மட்டும் கொடுத்தாரு. அது மொதல்ல பிபிக்கு வந்த மாத்திரை, சாப்பிட்டவங்களுக்கு முடி வளர்ந்ததப் பாத்துத்தான் தடவற மருந்தாக்குனாங்க, அதனால பிபி, நெஞ்சுப் பிரச்சனை எதாச்சும் இருந்தா நீங்களே சொல்லிருங்க. மொத சில வாரம் இன்னும் அதிகமா கொட்டும். தலகாணி ஒறை பூரா முடியா கெடந்துச்சு, அவர் முன்னாடியே சொல்லியிருந்ததாலதான் நான் பாதியில விடல. நாலஞ்சு மாசம் ஆச்சு கொட்டறது நிக்க. நெத்தி பழையபடி எறங்கல, உச்சந்தலை கொஞ்சம் மூடுச்சு, அதுவே எனக்குப் பெருசு. நிறுத்தினா ஒரு வருஷத்துக்குள்ள கெடைச்சதெல்லாம் போயிரும், அதனால வருஷக்கணக்குல செலவு தாங்குமான்னும் யோசிச்சுட்டு ஆரம்பிங்க.

நீங்க போறப்ப ரெண்டு மூணு வருஷம் முன்னாடி எடுத்த போட்டோ ஃபோன்ல வெச்சுக்கோங்க, எவ்ளோ வேகமா போகுதுன்னு அவருக்குத் தெரியும். வேற என்ன சாப்பிடறீங்க, ஜிம் பவுடர், நாட்டு மருந்து, எல்லாம் சொல்லுங்க. ரத்தம் கொடுக்கற பழக்கம் இருந்தா அதையும் சொல்லுங்க, ஃபினாஸ்டரைடு எடுக்கறவங்க நிறுத்தி ஒரு மாசம் கழிச்சுத்தான் கொடுக்கணும். வாயில வரலன்னா ஒரு துண்டுச் சீட்டுல எழுதி டேபிள் மேல வெச்சிருங்க தம்பி, அவர் படிச்சுக்குவாரு.