மாத்திரைக்கு ஏறாத ரத்தசோகையும் சீலியாக் நோயும்

வணக்கம். பல மாதங்கள் இரும்புச்சத்து மாத்திரை எடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை, வயிற்று உப்புசத்துக்கு ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் நோய்) என்று சொல்லிவிட்டார்கள், தைராய்டு சுரப்புக் குறைவும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இவை மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும்போது சீலியாக் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே என் கருத்து.

சீலியாக் நோயில், கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் தூண்டப்படும் நோயெதிர்ப்பு வினை சிறுகுடலின் உட்சுவரிலுள்ள நுண்ணிய குடலுறிஞ்சிகளைத் தட்டையாக்கிவிடுகிறது. இரும்புச்சத்து பெரும்பாலும் உறிஞ்சப்படுவதும் பாதிப்பு அதிகம் நேர்வதும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலேயே என்பதால், வயிற்றுப்போக்கே இல்லாமல் ரத்தசோகை மட்டும் வெளிப்படுவதுண்டு. தைராய்டைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோயும் முதல் வகை நீரிழிவும் சீலியாக் உள்ளவர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே காணப்படுகின்றன. தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தால், அதற்கும் இந்த உறிஞ்சல் குறைவு காரணமாகலாம்.

கோதுமையை இப்போதே நிறுத்திவிடலாமா என்று நீங்கள் கேட்டிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. தயவுசெய்து பரிசோதனைக்கு முன் நிறுத்தாதீர்கள். உணவில் குளூட்டன் இல்லாவிட்டால் எதிர்ப்பொருள் அளவு இறங்கி, நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும். சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருளைத் தேடும் டிடிஜி-ஐஜிஏ (tTG-IgA) ரத்தப் பரிசோதனையுடன், ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் சேர்த்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள், ஏனெனில் ஐஜிஏ இயல்பிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு முதல் பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது. அதிக மாதவிடாய்ப் போக்கு, குடலில் ரத்தக்கசிவு போன்ற வேறு காரணங்களையும் அவர் விசாரிப்பார். அதுவரை தைராய்டு மாத்திரையை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.