காற்றில் பெரும்பகுதி பாறைக்குள்ளிருந்து வந்ததுதான்

கேள்வி: பூமியின் உட்பகுதி ஒரு பாடம், வளிமண்டலம் இன்னொரு பாடம் என்றுதான் படித்திருக்கிறோம். இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. ஆக்சிஜனைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால், காற்றில் பெரும்பகுதி பூமிக்குள்ளிருந்து கசிந்து வந்ததுதான். இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஆர்கான்.

நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21 சதவீதம் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். மீதி ஒரு சதவீதம் என்ன என்று கேட்டால் பலர் கார்பன் டை ஆக்சைடு என்பார்கள். அது 0.04 சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மீதியில் ஏறக்குறைய முழுவதும் ஆர்கான், 0.93 சதவீதம். எதனோடும் சேராத வாயு என்பதால் 1894 வரை யார் கண்ணிலும் சிக்காமல் இருந்தது. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், வேதிப்பொருளிலிருந்து தயாரித்த நைட்ரஜனைவிடக் கொஞ்சம் கனமாக இருக்கிறதே என்று பிரிட்டன் விஞ்ஞானிகள் ராலேவும் ராம்சேவும் துருவிப் போனபோதுதான் பிடிபட்டது.

ஒரே தனிமத்தின் அணுக்கள் எடையில் வேறுபடலாம், அவற்றை ஐசோடோப்புகள் என்பார்கள். சூரியனில் அதிகம் இருப்பது ஆர்கான்-36. நம் காற்றில் உள்ளதில் 99.6 சதவீதம் ஆர்கான்-40. அப்படியானால் இது விண்வெளியிலிருந்து வாரிக்கொண்ட சரக்கு இல்லை, இங்கேயே உருவானது. உருவாக்கியது பாறைகளில் இருக்கும் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க ஐசோடோப்பு. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், 125 கோடி ஆண்டுகள். நூறு அணுக்கள் சிதைந்தால் சுமார் பதினொன்று ஆர்கானாகும், மற்றவை கால்சியமாகும். காற்றிலுள்ள ஆர்கான் இப்படி வந்திருக்கலாம் என்று ஜெர்மன் இயற்பியலாளர் வைத்சேக்கர் 1937இல் சொன்னார். தனிம அட்டவணையில் 18ஆம் எண்ணில் இருக்கும் ஆர்கான், 19ஆம் எண்ணில் இருக்கும் பொட்டாசியத்தைவிட எடை அதிகம் (39.95க்கு 39.10) என்று பார்த்துக் குழம்பியவர்களுக்கும் பதில் இதுதான்.

சரி, பாறைக்குள் பிறந்த வாயு வெளியே எப்படி வந்தது?

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவிட வேண்டும். மேலோட்டுக்குக் கீழே எல்லாம் கொதிக்கும் குழம்பு என்று பலர் நினைக்கிறார்கள். பாடப்புத்தகப் படங்களில் அடிக்கும் ஆரஞ்சு வண்ணம்தான் காரணம் என்பது என் சந்தேகம். உண்மையில் மேலோட்டின் அடியிலிருந்து சுமார் 2,900 கி.மீ. ஆழம் வரை இருக்கும் கவசம் திடப் பாறை. நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. மனிதர்கள் நேர் கீழாகத் துளைத்த அதிகபட்ச ஆழமே ரஷ்யாவின் கோலா துளையில் 12.26 கி.மீ.தான், பூமியின் ஆரமோ 6,371 கி.மீ. ஆனால் நிலநடுக்கத்தில் இரண்டாவதாக வந்து சேரும் S அலைகள் திரவத்துக்குள் போகாது. அவை கவசத்தைத் தாண்டிப் போகின்றன, அதற்குக் கீழே வெளிக்கருவத்தில் நின்றுவிடுகின்றன. ஆக கவசம் திடம், வெளிக்கருவம் உருகிய இரும்பு. அதற்கும் நடுவே உள்கருவம் ஒன்று இருப்பதை 1936இல் டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன் கண்டுபிடித்ததும் அலைகளை வைத்துத்தான்.

கவசம் திடமாக இருந்தும் பனியாறு மாதிரி மெல்ல நகர்கிறது, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். கடலடி மலைத்தொடர்களுக்குக் கீழே அது மேலேறும்போது அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் பாறை உருகும் வெப்பநிலையும் குறையும், அதனால் புதிதாகச் சூடாக்காமலே ஒரு பகுதி உருகிவிடுகிறது. அந்தக் குழம்பில் கரைந்திருந்த வாயுக்கள் மேற்பரப்பை நெருங்கும்போது பிரிந்து வெளியேறுகின்றன. ஆர்கான் மட்டும் இல்லை. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, கந்தக வாயுக்கள், கொஞ்சம் நைட்ரஜன் எல்லாம் சேர்ந்து. நீராவி குளிர்ந்து கடலானது. நைட்ரஜன் எளிதில் வினைபுரியாது, கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்துகொண்டே வந்து இன்று முதலிடத்தில் இருக்கிறது.

அப்புறம், அவ்வளவு கார்பன் டை ஆக்சைடு எங்கே போயிற்று? மழைநீரில் கரைந்து, பாறைகளை அரித்து, கடலுக்குப் போய், கடைசியில் சுண்ணாம்புக்கல்லாகப் படிந்தது. இந்த வேலை நடக்காமல் போன இடம் வெள்ளிக் கோள். அங்கே காற்றில் 96 சதவீதத்துக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு, அழுத்தம் இங்கிருப்பதைப்போல் சுமார் 90 மடங்கு. நம் சுண்ணாம்புக்கல் முழுவதும் வாயுவாக மாறினால் இங்கும் நிலைமை அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். பூமித்தட்டுகள் ஒன்றின் கீழ் ஒன்று செருகும்போது அந்தக் கல்லில் ஒரு பகுதி திரும்ப உள்ளே போகிறது, எரிமலை வழியாக மறுபடி வாயுவாக வருகிறது. ஒருவழிப் பாதை இல்லை.

ஆக்சிஜன் மட்டும் வேறு கணக்கு. அது எரிமலையிலிருந்து வரவில்லை. சூரிய ஒளியில் உணவு தயாரித்த நுண்ணுயிர்கள் விட்ட வாயு அது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் காற்றில் சேரவே தொடங்கியது.

வெளிக்கருவத்தின் காந்தப்புலம்தான் காற்றைக் காப்பாற்றுகிறது என்றும் அடிக்கடி எழுதுகிறார்கள். நான் அதை அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். வெள்ளிக்குச் சொந்தக் காந்தப்புலம் கிடையாது, ஆனாலும் நம்முடையதைவிடப் பல மடங்கு கனமான வளிமண்டலத்தை வைத்திருக்கிறது. சூரியக்காற்றின், அதாவது சூரியனிலிருந்து பாயும் மின்னூட்டத் துகள்களின், நேரடித் தாக்குதலைக் காந்தப்புலம் தடுக்கிறது என்பது சரி. காற்று விண்வெளிக்குத் தப்புவது அதனால் மொத்தமாக எவ்வளவு குறைகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது.

பூமிக்குள்ளிருந்து வாயு கசிவது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். கடலடி மலைத்தொடர்களிலும் ஹவாய் எரிமலைகளிலும் இன்றும் ஹீலியம்-3 வருகிறது. அதில் பெரும்பகுதி எந்தச் சிதைவிலும் பிறந்தது இல்லை, 454 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமி உருவானபோதே உள்ளே மாட்டிக்கொண்டது. வெளியே வந்ததும் காற்றில் தங்காது. இலேசான வாயு என்பதால் பூமியின் ஈர்ப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவி விண்வெளிக்குப் போய்விடுகிறது.